அதிகம் முயலப்படும் எறிதல்தான் அதிகம் பலிக்கிறதா?

உலக ஜூடோப் போட்டிகளின் காணொளியைக் காட்டி, "செயோய்-நாகேயில்தான் (எதிராளியை முதுகில் ஏற்றித் தோளுக்கு மேலாக வீழ்த்தும் எறிதல்) அதிகப் புள்ளி விழுகிறது, இவனுக்கு இனி அதை மட்டும் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோர் இந்த மாதமும் வந்திருந்தார்கள். உடன் வந்த பையனின் முழங்கால் வீங்கியிருந்தது. வீட்டிலேயே மண்டியிட்டு விழுந்து அந்த எறிதலைப் பழகியிருக்கிறான்.

மேல்நிலை ஜூடோவில் செயோய்-நாகேயும் உச்சி-மாட்டாவும் (எதிராளியின் உள்தொடையைக் காலால் வாரி வீழ்த்துவது) அடிக்கடி புள்ளி பெற்றுத் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அவையே அதிகம் முயலவும்படுகின்றன. விழுந்த புள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு, பிடி நழுவியும் எதிராளி இடுப்பை விலக்கியும் வீணான முயற்சிகளை எண்ணாமல் விட்டால் அது கணக்கே அன்று. உலகத் தரவரிசையில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலான தாக்குதல்கள் பலிப்பதில்லை. நூறு முறை முயன்று பத்து முறை வீழ்த்தும் எறிதல் பட்டியலில் மேலே நிற்கும். பத்து முறை முயன்று மூன்று முறை வீழ்த்துவது கீழே கிடக்கும். எது அதிகம் பலித்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜப்பானின் நொமுரா ததாஹிரோ 60 கிலோ பிரிவில் 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்; அவருடைய பலம் செயோய்-நாகே. 73 கிலோ பிரிவில் 2016இலும் 2021இலும் தங்கம் வென்ற ஓனோ ஷோஹேயின் பெயரோடு ஒட்டிக்கொண்டவை உச்சி-மாட்டாவும் ஓசோட்டோ-காரியும் (எதிராளியின் காலை வெளிப்புறமிருந்து வாரிப் பின்னுக்கு வீழ்த்துவது). எதிராளியின் கைக்குக் கீழே புகுந்துவிடக்கூடிய உடலுக்கு ஒன்று, மேற்பிடி எடுத்து நிமிர்ந்து நிற்பவருக்கு மற்றொன்று. முதலில் பிடி, பிறகுதான் எறிதல். (பிடிக்கான பயிற்சியைப் படம் எடுத்துப் பகிர்பவர் எவரும் இல்லை என்பது வேறு வருத்தம்.) ஒரே எறிதலை நம்பியிருப்பவரை எதிராளி படித்துவிடுவார். பிரெஞ்சு வீரர் தெத்தி ரினேரின் 154 தொடர் வெற்றிகள் 2020 பிப்ரவரியில் பாரிஸில் முடிந்ததும், அவருடைய தாக்குதலையே திருப்பிய ககெவுரா கொகோரோவிடம்தான்.

பழைய காணொளிகளைப் பார்த்துப் பயில்பவர்கள் விதிகளையும் பாருங்கள். எதிராளியின் காலைக் கையால் பிடித்து நேரடியாகத் தாக்குவது 2010இல் தடுக்கப்பட்டது. 2013இல் அந்தத் தடை மேலும் இறுகியது. பிடியும் சமநிலைக் குலைப்பும் இல்லாமல் மண்டியிட்டு விழுந்துகொண்டே இருந்தால் போலித் தாக்குதல் என்று ஷிதோ எனும் தண்டனை கிடைக்கும். மூன்றாவது ஷிதோவோடு ஆட்டம் முடிந்துவிடும். உச்சி-மாட்டாவில் தலையைக் கீழே குத்திப் பாய்ந்தால் உடனடியாகத் தகுதி நீக்கம். கழுத்து போய்விட்டால் பதக்கத்தால் என்ன பயன்?

வளரும் பிள்ளைகளுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுங்கள். பிறகு நின்ற நிலையிலேயே செயோய்-நாகே. முழங்காலில் இறங்கும் வடிவம் வேண்டாம், பயிற்சியாளர் சொல்லும்வரை வேண்டாம். எதிராளியைப் பின்னுக்குச் சாய்த்து வீழ்த்தும் தானி-ஒதோஷியைத் துணைவரின் காலுக்குப் பின்னால் முழுவதுமாகச் சென்று செய்யுங்கள், முழங்காலின் பக்கவாட்டில் உடலைச் சாய்க்காதீர்கள். வீங்கிய முழங்காலோடு பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாமல், தயவுசெய்து எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.