குமிழி, விலைக் குமிழி: சொல் விளக்கம்

பங்கு விலையோ மனை விலையோ தாறுமாறாக ஏறினால் செய்தியில் 'பபுள்' என்ற சொல் வந்துவிடுகிறது. சிலர் 'நீர்க்குமிழி' என்று எழுதுகிறார்கள், சிலர் 'பொருளாதாரக் குமிழ்' என்கிறார்கள். இயற்பியல் பாடத்தில் வரும் குமிழிக்கும் இதற்கும் என்ன உறவு? இரண்டு துறையிலும் குமிழியை முனைந்து ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் தமிழ். குமிதல், குவிதல் என்ற சொற்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது குமிழ். திரண்டு உருண்டு மேலெழுந்து நிற்பதெல்லாம் குமிழ்தான். மரத்தாலான மிதியடியில் கால்விரல் பற்றிக்கொள்ளும் உருண்டையும் குமிழ். இலங்கைத் தமிழர் பல்பை மின்குமிழ் என்பார்கள். நீரில் காற்றடைத்து எழுவது குமிழி. இதற்கு இன்னொரு பழைய சொல் மொக்குள். மலரப்போகும் அரும்புக்கும் அதே பெயர். 'படுமழை மொக்குளின்' என்று நாலடியார் மழைநீரில் தோன்றித் தோன்றிக் கெடும் குமிழியை உடம்புக்கு உவமை சொல்கிறது. குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம் 'நீரில் குமிழி இளமை' என்று தொடங்குகிறது. அதே பாட்டில் செல்வத்துக்கு உவமை குமிழி இல்லை, சுருண்டு வரும் அலை. ஆக நம் மரபில் குமிழி என்றால் நிலையாமை. அதில் ஏமாற்று என்ற நிழல் கிடையாது.

ஆங்கிலச் சொல்லில் அந்த நிழல் உண்டு. 'பபுள்' என்பது நீர் கொப்பளிக்கும் ஒலியிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் சொல். 17ஆம் நூற்றாண்டில் அதையே வினையாக்கி, ஒருவரை ஏய்த்துப் பணம் பறிப்பதைச் சொன்னார்கள். 1720இல் லண்டனில் தென்கடல் கம்பெனி (South Sea Company) என்ற வணிக நிறுவனத்தின் பங்கு ஜனவரியில் சுமார் 128 பவுண்டாக இருந்தது. கோடையில் 1,000 பவுண்டை நெருங்கியது. ஆண்டு முடிவதற்குள் 200க்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்துக்கே 'பபுள் சட்டம்' என்று பெயர் நிலைத்தது. அரச சாசனம் இல்லாமல் கூட்டுப்பங்கு நிறுவனம் தொடங்குவதை அது தடுத்தது, 1825இல்தான் நீக்கப்பட்டது. அன்று 'பபுள்' என்று திட்டப்பட்டவை பெரும்பாலும் புற்றீசல் போல் கிளம்பிய நிறுவனங்கள்தான். விலையின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் இன்றைய பொருள் பிறகு உறுதிப்பட்டது.

இரண்டு குமிழிகளோடும் பழகியவர் ஒருவர் அந்த லண்டனிலேயே இருந்தார்: ஐசக் நியூட்டன். 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் அவர் ஒரு சோதனையை விவரிக்கிறார். சோப்பு கரைத்த நீரில் குமிழி ஊதி, காற்று அலைக்காமல் இருக்க அதைக் கண்ணாடியால் மூடினார். உச்சியிலிருந்து வண்ண வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக் கீழே இறங்கின. நீர் வடிந்து படலம் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் உச்சியில் ஒரு கரும்புள்ளி தோன்றி, முக்கால் அங்குலம் வரை கூட விரிந்தது. அப்புறம்தான் குமிழி உடைந்தது. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் படலம் மிக மெலிந்துவிட்டது என்பதற்கு அந்தக் கருமைதான் அடையாளம். அதே மனிதர் தென்கடல் பங்குகளை முதலில் லாபத்துக்கு விற்றார், பிறகு உச்சத்தை நெருங்கிய விலையில் திரும்ப வாங்கினார், பெருந்தொகையை இழந்தார். சோப்புக் குமிழி உடைவதற்கு முன் தெரிந்த கரும்புள்ளி போல ஓர் அடையாளம் சந்தைக் குமிழிக்கு உண்டா என்பதுதான் இன்றுவரை நடக்கும் ஆய்வின் மையக் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

இயற்பியலில் குமிழியின் கணக்கு தெளிவானது. பரப்பு இழுவிசை படலத்தைச் சுருக்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் வளிமத்தின் அழுத்தம் எதிர்த்து நிற்கிறது. ஆரம் குறையக் குறைய இந்த மிகை அழுத்தம் கூடும். நீருக்குள் இருக்கும் குமிழிக்கு ஒரு பரப்பு, காற்றில் மிதக்கும் சோப்புக் குமிழிக்கு உள்ளும் புறமுமாக இரண்டு பரப்பு. ஆகவே மிகை அழுத்தமும் இரு மடங்கு. 1917இல் இயற்பியலாளர் ரேலி பிரபு, நீருக்குள் ஒரு வெற்றுக்குழி சட்டென்று சுருங்கி நொறுங்கினால் எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று கணக்கிட்டார். கப்பலின் சுழல்விசிறி அரித்துப்போவதற்கு அதில் விளக்கம் கிடைத்தது. இத்தனை மெல்லிய பொருள் உலோகத்தைத் தின்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சந்தையில் அழுத்தமானி கிடையாது. ஒரு பங்கின் 'உண்மை மதிப்பு' என்ன என்பதிலேயே சண்டை. இதைச் சுற்றிக்கொண்டு போக, பொருளியலாளர் வெர்னன் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வகத்திலேயே ஒரு சந்தை நடத்தினார்கள்; கட்டுரை 1988இல் வந்தது. பரவலாக அறியப்பட்ட வடிவத்தில் 15 சுற்றுகள், சுற்றுக்குச் சராசரி 24 சென்ட் ஈவுத்தொகை. இனி வரவிருக்கும் ஈவுத்தொகையின் கூட்டலே பங்கின் மதிப்பு; அப்படியானால் தொடக்கத்தில் அது 3 டாலர் 60 சென்ட், பிறகு சுற்றுக்குச் சுற்று குறைய வேண்டும். விதிமுறை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விலை அந்த மதிப்பைத் தாண்டி ஏறியது, முடிவு நெருங்கியபோது சரிந்தது. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப ஆடியபோது குமிழி தணிந்தது. மறைக்கப்பட்ட தகவலோ மோசடியோ இல்லாமலே குமிழி உருவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

டிடியே சோர்னெட் இயற்பியலிலிருந்து வந்தவர். ஏரியான் ராக்கெட்டின் அழுத்தக் கலன்கள் எந்தக் கட்டத்தில் கிழியும் என்று ஆராய்ந்தவர், 1990களில் அதே கணிதத்தைப் பங்கு விலைக்குக் கொண்டுவந்தார். வளர்ச்சி வீதமே வளர்ந்துகொண்டு போனால் அது குமிழி, அந்தப் போக்கு நீடிக்க முடியாத ஒரு காலப்புள்ளி உண்டு என்பது அவர் வாதம். கடைசியாகக் குத்திய ஊசி எது என்று தேடுவதை விட, படலம் ஏற்கெனவே எவ்வளவு மெலிந்திருந்தது என்று பார்க்கச் சொல்கிறார். முன்கூட்டிச் சொல்லும் திறனில் அவர் முறைக்கு எதிர்ப்பும் உண்டு. ஆனால் கேள்வியை வைத்த விதம் சரி என்பது என் எண்ணம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? அறிவியலில் 'குமிழி' போதும். 'குமிழ்' கைப்பிடிக்கும் பல்புக்கும் இருக்கட்டும். பொருளியலில் 'விலைக் குமிழி' என்பதே என் தேர்வு. எது ஊதுகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. சொத்து வகையைச் சொல்ல வேண்டுமானால் மனை விலைக் குமிழி, பங்கு விலைக் குமிழி. 'விலை வீக்கம்' வேண்டாம், பணவீக்கத்தோடு குழம்பும். 'நீர்க்குமிழி' நிலையாமையைத்தான் சொல்லும், ஏறிய விலையைச் சொல்லாது. இன்னொன்று: 2013இல் பொருளியல் நோபலைப் பகிர்ந்தவர்களில் ராபர்ட் ஷில்லர் குமிழி உண்டு என்பவர், யூஜின் ஃபாமா அப்படி ஒன்றை முன்கூட்டி அடையாளம் காட்டவே முடியாது என்பவர். ஆகவே ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே 'விலைக் குமிழி' என்று எழுதுபவர், அது யாருடைய கணிப்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.