பிளாக் டிக்கெட்டின் லாபம் எங்கே பிறக்கிறது?

பத்தாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கில் ஒரு டிக்கெட் 1,000 ரூபாய் என்றும், அந்த விலைக்கு ஐம்பதாயிரம் பேர் வரத் தயார் என்றும் வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்த டிக்கெட் மறுநாள் பிளாக்கில் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த 3,000 ரூபாயை இடைத்தரகர் உருவாக்கவில்லை. தேவைக்கும் இருக்கைகளுக்கும் பொருந்தாத குறைந்த விலையை வைத்தபோதே அது பிறந்துவிட்டது. அவர் மற்றவர்களை முந்திக்கொண்டு அதை எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் விலையை ஏற்றிவிடலாமே? அமெரிக்காவின் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2003-இல் இதைச் செய்து பார்த்தது. முன்வரிசை இருக்கைகளை ஏலத்தில் விட்டது. அந்த ஏலங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஆதித்யா பாவே, எரிக் புடிஷ் இருவரும், கலைஞர்களுக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ இரு மடங்கானதையும், இடைத்தரகரின் லாபம் பெரும்பாலும் மறைந்ததையும் கண்டனர். ஆயினும் 2011-இல் ஏலம் கைவிடப்பட்டது. கணக்கு சரியாக இருந்தும் முறை நிலைக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரசிகரின் கடைசிக் காசையும் கறப்பவர் என்ற பெயரை எந்தக் கலைஞரும் விரும்பமாட்டார்; குறைந்த விலை என்பது அவர் ரசிகருக்குத் தர நினைக்கும் பரிசு.

அந்தப் பரிசைக் கைமாறாமல் காப்பதற்கான வழி நம் ரயில் டிக்கெட்டிலேயே இருக்கிறது. அதில் பயணியின் பெயர் அச்சிடப்படுவதால் அடுத்தவருக்கு விற்க முடியாது. ஆனால் விலை இடைவெளி அப்படியே இருப்பதால், தரகர்கள் டிக்கெட்டை விற்பதை விட்டு வேகத்தை விற்கத் தொடங்கினர்: பயணியின் பெயரிலேயே, மென்பொருளின் துணையோடு, தட்கல் திறந்த நொடியில் பதிவு செய்து அதற்குக் கூலி வாங்கினர். ஆகவேதான் 2025 ஜூலையில் இணையவழித் தட்கல் பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதல் 30 நிமிடங்களுக்கு முகவர்கள் பதிவு செய்யவும் தடை வந்தது.

பெயரைக் கட்டிவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. போக முடியாமல் போனவர் தன் இடத்தை நண்பருக்குத் தர இயலாது. ரயில்வே அதை வெயிட்டிங் லிஸ்ட் மூலம் ஈடுகட்டுகிறது: ரத்தான இடம், அதிகப் பணம் தருபவரிடம் போகாமல், வரிசையில் அடுத்து நிற்பவரிடம் அதே கட்டணத்தில் போய்ச் சேருகிறது. இதுவும் மறுவிற்பனைதான், நடுவே லாபம் எடுக்க ஆளில்லாத மறுவிற்பனை.