ஏரியில் வணிக வலை: கண்ணி அளவு, தடைக்காலம், கோட்டா. எந்த விதி எதற்காக?

வலையின் கண்ணி (நூல்களுக்கு இடையே உள்ள துளை) பெரிதாக இருந்தால் போதும், சின்ன மீன் தப்பிவிடும், ஏரியில் மீன் குறையாது என்று ரொம்பப் பேர் நம்புகிறார்கள். போதாது. நன்னீர் ஏரிகளில் வணிக மீன்பிடிப்புக்கு அரசுகள் வைக்கும் பல விதிகளில் கண்ணி அளவும் ஒன்று, அவ்வளவுதான். மொத்தம் எவ்வளவு மீன் எடுக்கலாம் என்ற உச்சவரம்பு (கோட்டா), சினைக் காலத்தில் தடை, எடுத்த மீனை ஒழுங்காகக் கணக்கில் எழுதுவது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஏரிக்குப் பயன். புது உத்தரவு வரும்போதெல்லாம் வலைக்காரர்களும் தூண்டில்காரர்களும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதிலேயே பொழுது போய்விடுகிறது, உத்தரவில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் படிக்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு விதியும் எதைக் காப்பாற்றுகிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஏரிகளில் வணிகத்துக்கு அதிகம் போடுவது செவுள் வலை. மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு, நடுவில் வலை செங்குத்தாக நிற்கும். நீந்தி வரும் மீன் தலையை உள்ளே விடும். தலை நுழையும், உடம்பு நுழையாது. பின்வாங்கப் பார்க்கும்போது நூல் செவுள் மூடிக்குப் பின்னால் போய் இறுகிக்கொள்ளும், அப்புறம் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஒரு குறிப்பிட்ட கண்ணிக்கு ஒரு குறிப்பிட்ட பருமன் உள்ள மீன்தான் நன்றாக மாட்டும். அந்த அளவைவிட நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ மாட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். சின்னது ஊடே போய்விடும், ரொம்பப் பெரியது மூக்கு முட்டித் திரும்பிவிடும். ஆக, கண்ணி அளவு எந்த மீன் மாட்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எத்தனை மீன் மாட்டும் என்பது எத்தனை வலை, எத்தனை இரவு தண்ணீரில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது.

அளவைச் சொல்லும் விதத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பெரும்பாலான விதிகள் இழுத்த நிலையில் எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்கின்றன. சில இடங்களில் கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும், அதாவது ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளக்கிறார்கள், அது இதில் பாதிதான் வரும். இழுத்த அளவில் 100 மில்லிமீட்டர் என்றால் பக்க அளவில் 50. விதியில் எந்த அளவு என்று பார்க்காமல் வலை வாங்கினால், சட்டப்படி சரி என்று நினைத்து இறக்கிய வலை சோதனையில் பறிபோகும்.

குறைந்தபட்சக் கண்ணி அளவுக்குப் பின்னால் இருக்கும் யோசனை எளிது: ஒரு மீன் வலையில் மாட்டுவதற்கு முன் ஒரு முறையாவது முட்டையிட்டிருக்க வேண்டும். யோசனையில் தப்பில்லை. ஆனால் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1920-களின் கடைசியில் அங்கே ஆய்வு நடத்தி, உள்ளூர்த் திலேப்பியா மீனைக் காப்பாற்ற 5 அங்குலத்துக்குக் குறைந்த கண்ணி கூடாது என்று பரிந்துரைத்தார்கள், 1930-களில் அது விதியாகவும் வந்தது. வலைகளின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே போனது. 5 அங்குல வலையில் கிடைப்பது குறைந்ததும், இன்னும் மிச்சமிருக்கும் சின்ன மீனுக்காகச் சின்னக் கண்ணிக்கு மாறச் சொல்லி நெருக்கடி வந்தது. 1950-களின் பிற்பாதியிலிருந்து அந்த விதி படிப்படியாகக் கைவிடப்பட, எஞ்சிய மீனும் போனது. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத இடத்தில் அளவுக்கு மட்டும் வரம்பு வைத்தால் அந்த வரம்பே நிலைக்காது என்பது என் கருத்து, அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பெரிய மீனையும் மறக்கக் கூடாது. சின்னதை விட்டுப் பெரியதைப் பிடிப்பதுதான் நியாயம் என்று தோன்றும், ஆனால் வயதான பெரிய பெண் மீன்கள்தான் ஒவ்வொன்றும் மிக அதிக முட்டை போடுகின்றன. பல இனங்களில் அவற்றின் முட்டையும் தரமாக இருக்கும், குஞ்சு பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். விக்டோரியாவில் பின்னால் கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் மீனுக்கு இதனால்தான் இரு பக்க வரம்பு வைத்தார்கள்: 50 சென்டிமீட்டருக்குக் கீழேயும் பிடிக்கக் கூடாது, 85-க்கு மேலேயும் பிடிக்கக் கூடாது. வருடக்கணக்காகப் பெரியதை மட்டும் வடித்தெடுத்தால் இன்னொன்றும் நடக்கும். சின்ன உடம்பிலேயே சினைப்படும் மீன்தான் சந்ததி விட்டுப் போகும், தலைமுறை தாண்டத் தாண்ட மீனின் அளவே சுருங்கும். வலையை நிறுத்தினாலும் இந்த மாற்றம் சட்டென்று திரும்பாது.

சரி, உச்சவரம்பு எப்படி வைக்கிறார்கள்? வட அமெரிக்காவின் ஈரி ஏரியைச் சொல்லலாம். அமெரிக்காவும் கனடாவும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏரி அது, அங்கே வால்ஐ என்ற மீனுக்கு ஒவ்வொரு வருடமும் மொத்தம் இத்தனை மீன்தான் என்று ஓர் எண் அறிவிக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பல கண்ணி அளவுகளை ஒரே வலையில் கோத்து இறக்கி, சின்னது முதல் பெரியது வரை எல்லா மீனிலும் மாதிரி எடுப்பார்கள். மீனின் காதுக் கல்லில் உள்ள வளையங்களை எண்ணி வயது பார்ப்பார்கள். அந்த வருடம் பிறந்த குஞ்சு எவ்வளவு தேறியது, வலையிலும் தூண்டிலிலும் போன வருடம் எவ்வளவு போனது, எல்லாவற்றையும் சேர்த்து ஏரியில் எவ்வளவு மீன் இருக்கும் என்று கணக்கிட்டு, அதில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியதைச் சொல்வார்கள். அந்த எண்ணை ஏரிப் பரப்பின்படி பிரிப்பார்கள்: அமெரிக்க மாநிலமான ஓஹையோவுக்கு 51.11 சதவீதம், கனடாவின் ஒன்டாரியோவுக்கு 43.06, இன்னொரு அமெரிக்க மாநிலமான மிச்சிகனுக்கு 5.83. முதலிலும் கடைசியிலும் சொன்னவர்கள் தங்கள் பங்கைத் தூண்டிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், ஒன்டாரியோவின் பங்கு பெரும்பாலும் செவுள் வலைக்குப் போகிறது. அதாவது ஒரே ஏரி, ஒரே மீன், ஒரு கரையில் வலை, மறு கரையில் தூண்டில். மொத்தத்துக்கு ஒரு வரம்பு இருப்பதால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது.

இன்னொரு நல்ல விதியும் அங்கே உண்டு. சாதாரணமாக ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் இடையே வரம்பை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ மாட்டார்கள். மீன் பெருகியதும் 2018-ல் சுமார் 71 லட்சம் மீனாக இருந்த வரம்பு 2019-ல் 85 லட்சம், 2020-ல் 1 கோடியே 2 லட்சம் என்று படிப்படியாகத்தான் ஏறியது. வலைக்காரருக்கும் இதனால் திடீர் அதிர்ச்சி இல்லை.

இதே ஏரியில்தான் நீல பைக் என்ற மீன் டன் கணக்கில் பிடிபட்டுக்கொண்டிருந்து, 1958 வாக்கில் சரிந்து, 1983-ல் அழிந்த இனம் என்று அறிவிக்கப்பட்டது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்போடு கழிவுநீர், ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, வெளியிலிருந்து வந்த மீன்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்த அடி அது. "வலை மட்டுமா காரணம், தண்ணீர் கெட்டுப்போனதை யார் கேட்பது?" என்று வலைக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால் தண்ணீர் கெட்டு மீன் திணறும் காலத்தில் பழைய அளவிலேயே வலை போட்டால் சரிவு இன்னும் வேகமாக வரும், ஆகவே காரணம் எதுவாக இருந்தாலும் வரம்பு இறங்கித்தான் ஆக வேண்டும்.

வரம்பு காகிதத்தில் இருந்தும் ஏரி காலியான கதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ரெட் லேக் ஏரி. முதல் உலகப் போர்க் கால உணவுத் தட்டுப்பாட்டை ஒட்டி 1917-ல் அங்கே வணிக வலை தொடங்கியது, ரெட் லேக் ஒஜிப்வே பழங்குடியினர் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். கோட்டாவும் இருந்தது. ஆனால் கணக்கில் வராமல் கள்ளச் சந்தைக்குப் போனது தனி, பழங்குடியினரின் எல்லைக்கு மறுபக்கம், மாநில அரசின் பகுதியில் தூண்டிலில் போனது தனி. ஒரு நல்ல வருடத்துக் குஞ்சுகள் பெரிதாகும் முன்பே, ஒரு முறைகூட முட்டையிடாத நிலையில் பிடிபட்டன. 1990-களின் நடுவில் வால்ஐ சரிந்துபோய், அதன் இடத்தைக் கிராப்பி என்ற வேறொரு மீன் பிடித்துக்கொண்டது. 1997-ல் மீனவர்களே முன்வந்து வணிக வலையை நிறுத்தினார்கள். 1999-ல் பழங்குடி அரசும் மாநில அரசும் கூட்டு ஒப்பந்தம் போட்டு, ஏரி முழுக்க வால்ஐ பிடிப்பதை நிறுத்தி, கோடிக்கணக்கான குஞ்சுகளை விட்டார்கள். 2006-ல் மறுபடி திறந்தபோது இரு தரப்புக்கும் வரம்பு, இரு தரப்புக்கும் கணக்கு. எனக்கு இதில் பெரிதாகப் படுவது மீன் திரும்பியது மட்டும் இல்லை, பிழைப்பு போகும் என்று தெரிந்தும் முதலில் வலையைக் கரையேற்றியவர்கள் அந்த மீனவர்கள் என்பதும்தான்.

ஆகவே உரிமத்தோடு வரும் கணக்குப் புத்தகத்தை வெறும் தொல்லையாக நினைக்க வேண்டாம். எத்தனை வலை, எங்கே, எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு எடை என்று எழுதுவதும், கரையில் எடை போட்டுச் சீட்டு வாங்குவதும்தான் அடுத்த வருட வரம்புக்கு அடிப்படை. குறைத்து எழுதினால் வரி மிச்சமாகலாம், ஆனால் பங்கு பிரிக்கும்போது நீங்கள் எழுதிய கணக்குதான் சாட்சி, குறைத்து எழுதியவருக்குப் பங்கும் குறையலாம்.

"வலையில் இன்னும் நன்றாகத்தானே கிடைக்கிறது, மீன் எங்கே குறைந்தது?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. முட்டையிடும் காலத்தில் மீன்கள் ஆற்று முகத்துக்கும் கரையோரப் பாறைகளுக்கும் கூட்டமாக வந்து சேரும். ஏரி முழுக்கப் பாதி மீன்தான் மிச்சம் என்றாலும் அந்தப் பாதி ஒரே இடத்தில் கூடுவதால் வலை நிறைந்தே வரும். கடைசிக் கூட்டம் போகும் வரை இப்படியே தெரியும். தடைக்காலம் வைப்பது பெரும்பாலும் இதற்காகத்தான், சில இடங்களில் குஞ்சு வளரவும்தான். கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியில் வெள்ளம் ஏறி மீன்கள் காட்டுப் பகுதிக்குள் பரவி வளரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வணிக வலைக்குத் தடை. டங்கனீக்கா ஏரியில் தான்சானியா 2024 மே நடுவிலிருந்து மூன்று மாதம் மீன்பிடிப்பை மூடியது. தடைக்காலம் பொதுவாக நல்ல விதி, ஆனால் தடை முடிந்த மறுநாளே எல்லா வலையும் இறங்கினால் சேமித்தது சில வாரத்தில் போய்விடும். தடையோடு வரம்பும் வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

வலையின் வகை பற்றிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலான் வலை) தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாது, மட்காது, அறுந்து போனால் ஆள் இல்லாமலே பல காலம் மீனைக் கொன்றுகொண்டிருக்கும், அதனால் பல ஏரிகளில் தடை. கரைவலை ஆழம் குறைந்த கரையோரத்தை அப்படியே வாரும், அங்கேதான் குஞ்சுகள் வளரும், அதனால் அதற்கும் பல இடங்களில் தடை. பொறிவலை வேறு மாதிரி: மீன் உள்ளே உயிரோடு நிற்கும், வேண்டாத இனத்தையும் அளவு தவறியதையும் திருப்பி விடலாம். மிச்சிகனில் லேக் டிரவுட் மீனைக் காப்பாற்ற, 2000-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பழங்குடி மீனவர்கள் பலரைச் செவுள் வலையிலிருந்து பொறிவலைக்கு மாற்றினார்கள்.

வலை என்றாலே அழிவு என்பதும் தவறு. அளவாக எடுக்கும்போது மிச்ச மீனுக்கு இரை அதிகம் கிடைக்கிறது, வேகமாக வளர்கிறது, குஞ்சும் அதிகம் தேறுகிறது, எடுத்த இடம் நிரம்புகிறது. இந்தத் தாங்கும் அளவு ஏரிக்கு ஏரி, மீனுக்கு மீன் மாறும். குளிர்ந்த, இரை குறைந்த ஏரியில் பத்து வயதுக்கு மேல் சினைப்படும் மீன் கொஞ்சம்தான் தாங்கும், வெப்பமான ஏரியில் ஒரு வருடத்தில் சினைப்படும் மீன் நிறையத் தாங்கும். ஓர் ஏரியின் விதியை இன்னோர் ஏரிக்கு அப்படியே எடுத்து வைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கடைசியாக, வலை நிறுத்தப்படும்போது வலைக்காரருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலான அறிவிப்புகள் தடுமாறும் இடம் இதுதான். சீனா 2021 ஜனவரி 1 முதல் யாங்சி ஆற்றிலும் அதோடு சேர்ந்த பொயாங், டோங்டிங் ஏரிகளிலும் 10 ஆண்டு மீன்பிடித் தடை போட்டது. சுமார் 1.1 லட்சம் படகுகளும் 2.3 லட்சம் மீனவர்களும் கரையேறினார்கள். படகுக்கும் வலைக்கும் உரிமத்துக்கும் இழப்பீடு, ஓய்வூதியக் காப்பீடு, வேறு தொழிலுக்குப் பயிற்சி, சிலருக்கு அதே நீரில் கண்காணிப்பு வேலை என்று திட்டத்தோடு சேர்த்தே அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய தடை எல்லா ஏரிக்கும் தேவைப்படாது. ஆனால் மூன்று மாதத் தடையாக இருந்தாலும் அந்த மாதங்களில் வலைக்காரர் வீட்டில் அடுப்பு எரிய வழி சொல்லாத உத்தரவு இரவில் மீறப்படும், இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

எனவே உங்கள் ஏரிக்கு ஒரு வலை உத்தரவு வந்தால் கண்ணி அளவு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அளவு இழுத்ததா, பக்க அளவா என்று பாருங்கள். ஓர் உரிமத்துக்கு எத்தனை மீட்டர் வலை, மொத்தம் எத்தனை உரிமம், மொத்த மீன் வரம்பு எண்ணிக்கையிலா எடையிலா, அந்த எண் எந்த வருட ஆய்விலிருந்து வந்தது என்று கேளுங்கள். தூண்டிலில் போகும் மீன் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்பதும் முக்கியம். தடைக்காலத் தேதிகள் உங்கள் மீன் சினைப்படும் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்பது துறையைவிட வலை போடுகிறவருக்கே நன்றாகத் தெரியும், வரைவு நிலையில் கருத்துக் கேட்கும்போதே அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இழப்பீடு உண்டு என்றால் யார் பெயரில், படகு உரிமையாளருக்கா, கூலிக்கு வலை இழுப்பவருக்குமா என்பதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். உத்தரவு இறுதியான பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.