ஐடில் கிளிக்கர் என்பதற்குத் தமிழில் என்ன?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி மேசைக்கடியில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன். "பிஸ்கட் செய்யுது மிஸ். நான் தொடாட்டியும் செய்யும்" என்றாள். திரையைத் தட்டத் தட்ட எண் கூடும், தட்டாவிட்டாலும் தானே கூடும்; இந்த விளையாட்டு வகையைத்தான் ஆங்கிலத்தில் ஐடில் கிளிக்கர் என்கிறார்கள். இதைத் தமிழில் எழுது என்றதும் 'சோம்பேறி விளையாட்டு' என்று எழுதினாள். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கு அந்தச் சொல் உடனே வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பொருள் பொருந்தவில்லை.

'ஐடில்' என்பது பழைய ஆங்கிலத்தில் வெறுமை, பயனின்மை. பின்னர் சோம்பலுக்கும் ஆனது. வண்டி நின்றிருக்க எஞ்சின் மட்டும் ஓடினாலும் அதே சொல்தான். இங்கே இந்தக் கடைசிப் பொருளே சரி: ஆடுபவர் ஓய்ந்தாலும் ஆட்டம் ஓயாது. 'கிளிக்' ஒலிக்குறிப்பில் பிறந்த சொல். நம்மிடம் 'சொடுக்கு' இருக்கிறது. விரலைச் சொடுக்குகிறோம், சாட்டையைச் சொடுக்குகிறோம், கணினியில் சொடுக்கி என்கிறோம். ஆக 'கிளிக்கர்' வகைக்குச் 'சொடுக்காட்டம்' போதும்.

சிக்கல் ஐடிலில்தான். அந்த மாணவி ஆடியது 2013-இல் பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் தியெனோ உருவாக்கிய குக்கி கிளிக்கர். ஓர்த்தேய் என்ற புனைபெயரில் இயங்குபவர். கால்விரல் என்று பொருள், பிரெஞ்சு தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட்டைச் சொடுக்கினால் ஒன்று சேரும். 100 சேர்ந்ததும் ஒரு பாட்டியை வாங்கலாம். அவர் நொடிக்கு ஒன்று சுடுவார். அடுத்த பாட்டி 115. ஒவ்வொரு முறையும் விலை 15 சதவீதம் ஏறும். 50-ஆவது பாட்டிக்கு 94,000-க்கு மேல் கொடுக்க வேண்டும். அதற்குள் வரவும் ஏறியிருக்கும். வட்டி குட்டி போடும் என்பார்களே, அதே கணக்கு. கை வேலை குறையக் குறைய எண் கூடுகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அடுத்ததை வாங்கலாம் என்ற இடத்திலேயே மனம் எப்போதும் நிற்கிறது. பிள்ளைகளைக் கட்டிப்போடுவது அதுதான், சோம்பல் இல்லை.

அந்த ஈர்ப்பு எவ்வளவு வலியது என்பதற்கு விளையாட்டு வடிவமைப்பாளர் இயன் போகோஸ்ட் 2010-இல் ஃபேஸ்புக்கில் வெளியிட்ட கவ் கிளிக்கரே சாட்சி. ஃபார்ம்வில் போன்ற ஃபேஸ்புக் ஆட்டங்களைக் கேலி செய்தே அதைச் செய்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பசுவைச் சொடுக்கலாம், அவ்வளவுதான். அதையும் ஆயிரக்கணக்கானோர் மெய்யாகவே ஆடினார்கள். 2011-இல் பசுக்களை எடுத்துவிட்டார். வெற்றிடத்தையும் சிலர் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

'சும்மா ஆட்டம்' என்றால் ஒப்புக்கு ஆடுவது என்றாகிவிடும். 'வாளா இருத்தல்' அழகான பழஞ்சொல். ஆனால் 'வாளாட்டம்' கத்திச் சண்டையாகிவிடுகிறது. ஆங்கிலத்திலேயே இந்த வகைக்கு 'இன்கிரிமென்டல்' என்றொரு பெயர் உண்டு. வளர்ச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் வழியே போய் 'பெருக்காட்டம்' என்று வைத்தேன். மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் தன் இடத்திலிருந்து இறங்கியபோது 1998-இல் குரல் எழுப்பிய தீவு இது. கைப்பேசியிலும் தமிழுக்கு இடம் வேண்டும் என்று விரும்புகிறேன்.

"பெருக்குறதுன்னா விளக்குமாத்தால கூட்டுறது இல்லையா மிஸ்?" என்று மாணவி கேட்டாள். ஆடிப்பெருக்கைச் சொன்னேன், ஆற்றில் நீர் பெருகும் நாள் என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பெருக்கல் வாய்ப்பாடும் அதே சொல்தானே" என்று பலகைக்குப் போய் 100, 115 என்று எழுதத் தொடங்கினாள்.