மங்கிய காவியைத் துலக்கும் கணக்கு

சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருமலை இருக்கிறது. சமணர் படுக்கைகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை ஆகியவற்றோடு காவியால் தீட்டிய பாறை ஓவியங்களும் அங்கே உண்டு. இப்படிப்பட்ட ஓவியங்கள் மங்கிப்போனால், பாறையில் தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. நுண்துளைகளில் நீர் நிறைந்ததும் ஒளி சிதறுவது குறைந்து நிறம் அடர்த்தியாகத் தெரியும். ஆனால் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படிந்து ஓவியத்தை அரிக்கும். படத்துக்காக ஓவியத்தையே பலிகொடுக்கும் வேலை அது.

இப்போது தண்ணீரின் இடத்தில் கணக்கு வந்திருக்கிறது. காவிக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் அதுவே. நீலத்தையும் பச்சையையும் அது விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்பும். வெறும் பாறையில் ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 142, 120, 104 என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த காவி ஒட்டிய புள்ளியில் 146, 118, 101 இருக்கலாம். கேமரா இதைப் பதிந்துவிடும், கண்ணுக்குப் பிடிபடாது.

நிறச்செறிவை ஏற்றினால் போதாதா? பாறை முழுவதுமே ஒரே சாயலில் சிவக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தில் மூன்று அளவுகளும் சேர்ந்தே கூடும், நிழலில் சேர்ந்தே குறையும். இந்த மூன்று அளவுகளையும் மூன்று அச்சுகளாக வைத்து, எல்லாப் புள்ளிகளையும் முப்பரிமாண வரைபடத்தில் குறித்தால் நீண்டு ஒடுங்கிய ஒரு திரள் கிடைக்கும். நீளவாட்டில் இருப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாடு. நிற வேறுபாடு ஒடுங்கிய திசைகளில் நெரிபட்டுக் கிடக்கிறது. அந்தத் திசைகளைப் புள்ளியியலால் கண்டுபிடித்து, நீளவாட்டுக்குச் சமமாக விரித்து, மறுபடி நிறங்களாக மாற்றினால் உருவம் பளிச்சென்று எழுகிறது. விண்ணிலிருந்து எடுக்கும் படங்களுக்காக நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வளர்ந்த உத்தி இது. பாறை ஓவியங்களுக்கென்று இதை 'டிஸ்ட்ரெச்' என்ற மென்பொருளாக்கியவர் அமெரிக்கரான ஜான் ஹார்மன்.

படத்தில் பதியாததை இந்த மென்பொருளால் கொண்டுவர முடியாது. ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்த நிற விவரத்தைத்தான் அதிகம் குறைக்கிறது. விரித்ததும் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பும், நேர்வெயில் படாத சீரான வெளிச்சமும் வேண்டும். பெரிய வில்லங்கம் வேறு: பாறையில் இயற்கையாக ஊறிய துருவும் இரும்பு ஆக்சைடுதான், அதுவும் கூடவே சிவந்து எழும். திரையில் மான் தெரிந்தது என்று குதிப்பவர்களை நான் உடனே நம்புவதில்லை. துரு நீர் வழிந்த தடத்தையும் விரிசலையும் ஒட்டி ஓடும். தீட்டிய கோட்டுக்கு விளிம்பு இருக்கும். சந்தேகம் வந்தால் உருப்பெருக்கியோடு அதே பாறைக்குத்தான் போக வேண்டும்.