ரெண்டு ஊர் ஃபயர் சர்வீஸை ஒண்ணாக்கினா வண்டி சீக்கிரம் வருமா?

பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு நகரங்களோட ஃபயர் சர்வீஸை ஒண்ணா சேத்தா செலவு மிச்சமாகும்னு புரியுது, ஆனா வீடு தீப்பிடிச்சா வண்டி முன்ன விட சீக்கிரம் வருமா லேட்டா வருமான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரொம்ப நல்ல கேள்வி. எத்தனை வண்டிய கைல வச்சுக்கிட்டு சேக்கறாங்கங்கறதுலதான் பதில் இருக்கு, அத கணக்கு போட்டே பாத்துடலாம்.

எளிதான விஷயத்த முதல்ல முடிச்சுடறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் தீ, அந்தப் பக்கம் ரெண்டு தெரு தள்ளி ஸ்டேஷன், ஆனா அது வேற ஊரு. சேத்துட்டா ஒரே கன்ட்ரோல் ரூம், கிட்ட இருக்கற வண்டி கிளம்பும். கருவிகளும் ஒரே மாதிரி ஆகிடும். இது சின்ன விஷயம் இல்ல: 1904 பிப்ரவரில அமெரிக்காவுல பால்டிமோர் நகரம் எரிஞ்சப்போ வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க்னு பல ஊர்லேருந்து வண்டி வந்துச்சு, ஆனா நிறைய ஹோஸ்களோட கப்ளிங் (மாட்டற முனை) அங்க இருந்த ஹைட்ரன்ட்ல (தெருவோர தண்ணிக் குழாய்ல) மாட்டவே இல்ல, 1,500க்கும் மேல கட்டிடம் போச்சு.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச இடத்துக்கு வரேன். ஒவ்வொரு ஊருக்கும் 3 வண்டி, எந்த நேரத்துல பாத்தாலும் சராசரியா அதுல 1 வண்டி வெளிய வேலைல இருக்குன்னு வச்சுக்குங்க. சராசரி 1 தானே, மூணும் ஒரே நேரத்துல எப்படி வெளிய போகும்னு தோணும். ஆனா போகும், ஏன்னா தீ வரிசைல நின்னு வராது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம நடக்கற சம்பவங்கள் தானாவே கொத்து கொத்தாதான் விழும். "இன்னிக்கு அமைதியா இருக்கே"ன்னு சொன்னா உடனே மணி அடிக்கும்னு பல ஸ்டேஷன்கள்ல நம்பறாங்க, அந்த வார்த்தைய சொல்லவே விட மாட்டாங்க. வார்த்தைக்கும் தீக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தற்செயல்னா அது பாக்க அப்படித்தான் இருக்கும், இத பள்ளிக்கூடத்துலயே ஒழுங்கா சொல்லிக் கொடுத்தா பாதி மூடநம்பிக்கை போயிடும்னு நான் நினைக்கறேன்.

கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில வேலை பாத்த எர்லாங் 1917ல ஒரு சூத்திரம் வெளியிட்டார், எல்லா லைனும் பிஸியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு கண்டுபிடிக்க. லைனுக்கு பதிலா வண்டிய போடுங்க. 3 வண்டி, சராசரியா 1 வண்டிக்கான வேலைன்னா எல்லாமே வெளிய இருக்கற வாய்ப்பு 6.25 சதவீதம், அதாவது 16 அழைப்புல 1க்கு அந்த ஊர்ல வண்டியே இல்ல. ரெண்டு ஊரையும் சேத்தா 6 வண்டி, 2 வண்டிக்கான வேலை, விகிதம் அதேதான், ஆனா வாய்ப்பு 1.2 சதவீதமா இறங்கிடுது! புதுசா ஒரு வண்டியும் வாங்கல, ஒரு ஆளும் எடுக்கல, இங்க நெருக்கடி வர்ற நேரமும் அங்க நெருக்கடி வர்ற நேரமும் பெரும்பாலும் வேற வேறங்கறதுனால மட்டுமே இந்த லாபம்.

இங்கதான் பட்ஜெட் பாக்கறவங்களுக்கு ஆசை வரும். 6ல ஒண்ண எடுத்துட்டு 5 வச்சா? 3.7 சதவீதம். அப்பவும் பழைய 6.25ஐ விட நல்லாதானே இருக்கு, ஒரு ஸ்டேஷனை மூடிடலாமேன்னு பேச்சு வரும். கணக்கு சரிதான், ஆனா அது பாதி கணக்கு. வண்டி ஃப்ரீயா இருக்கான்னுதான் எர்லாங் சொல்றார், எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அந்த சூத்திரத்துல இல்லவே இல்ல.

மீதி பாதி 1973ல பீட்டர் கோலெசரும் எட்வர்ட் பிளமும் எழுதினது. நியூயார்க் ஃபயர் சர்வீஸுக்காக ராண்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் நடத்தின ஆய்வுலேருந்து வந்தது. பரப்பை ஃப்ரீயா இருக்கற வண்டிகளோட எண்ணிக்கையால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா, வண்டி போக வேண்டிய சராசரி தூரம் அதுக்கு ஏத்தபடி இருக்கும், அவ்வளவுதான். ஒரு வண்டி பாத்துக்கற பரப்புங்கறது தூரம் பெருக்கல் தூரம், அதனால தூரம் வேணும்னா வர்க்கமூலம். தெரு எப்படி வளைஞ்சா என்ன, ஸ்டேஷன் எங்க இருந்தா என்ன, இவ்வளவு சின்ன சூத்திரம் நிஜ நகரத்துக்கு கிட்டத்தட்ட பொருந்துதுங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதுல நம்ம எண்ணை போடுவோம். 6 வண்டில சராசரியா 2 வெளிய, 4 ஃப்ரீ. ஒண்ண எடுத்தா 3 ஃப்ரீ. 4/3க்கு வர்க்கமூலம் எடுத்தா சுமார் 1.15, அதாவது தூரம் 15 சதவீதம் கூடுது. பிரிஞ்சு இருந்தப்போ ஒவ்வொரு ஊர்லயும் 2 ஃப்ரீ, பரப்பும் பாதி, அதனால அப்போ இருந்த தூரத்தை விடவும் இது அதிகம்தான். ஆரம்பத்துல தீ நேரத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி வளரும்னு எடுத்துக்கறது ஃபயர் இன்ஜினியர்களோட வழக்கம். தீ பிடிச்சதுலேருந்து வண்டி வர 8 நிமிஷம், அதுல பயணம் 4 நிமிஷம்னா, 4 வந்து 4.6 ஆகும், வண்டி வந்து நிக்கறப்போ தீயோட அளவு சுமார் 16 சதவீதம் பெருசு. அதுக்குள்ள கூரைக்கு அடியில தேங்கற புகை 600 டிகிரி செல்சியஸ் பக்கம் போயிடுச்சுன்னா ரூம்ல இருக்கறதெல்லாம் ஒண்ணா பத்திக்கும், அப்புறம் சதவீதம் பேசி பிரயோஜனம் இல்ல.

1970கள்ல நியூயார்க்ல இந்த மாதிரி மாடல்களை காட்டித்தான் சில யூனிட்டுகளை மூடினாங்க, தீ அதிகமா இருந்த ஏழைங்க பகுதிகள்லயும் மூடினாங்க. அதுக்காக கணக்கே வேண்டாம்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். நகராட்சிகள் இந்த ஆராய்ச்சிக்கு இன்னும் பணம் கொடுக்கணும், எந்த அழைப்புக்கு எத்தனை நிமிஷத்துல போனாங்கங்கற தரவை மக்கள் பாக்கற மாதிரி வெளியிடணும், மூடச் சொல்றவங்க மட்டும் கணக்கு வச்சிருக்கறது தப்பு.

உங்க ஊர்ல இப்படி இணைப்பு பேச்சு வந்தா சராசரி நேரத்தை மட்டும் காட்டினா ஒத்துக்காதீங்க. அமெரிக்காவுல தேசிய தீ பாதுகாப்பு சங்கத்தோட என்எஃப்பிஏ 1710ங்கற தரம் முதல் வண்டிக்கு 240 வினாடி பயணம்னு சொல்லுது, ஆனா அத சராசரிக்கு சொல்லல, 90 சதவீத அழைப்புகளுக்கு சொல்லுது. எல்லையோரத்துல இருக்கறவங்களுக்கு நேரம் குறைஞ்சு, மூடின ஸ்டேஷன் பக்கத்துல இருக்கறவங்களுக்கு கூடினா சராசரி அசையாமலே இருக்கலாம். பகுதி பகுதியா, முன்ன எவ்வளவு இனிமே எவ்வளவுன்னு கேளுங்க.