சொல் விளக்கம்: கரையும் மருந்து உள்வைப்பு

கண் மருத்துவக் கட்டுரைகளில் 'பயோடிகிரேடபிள் டிரக் ரிலீசிங் இம்பிளான்ட்' என்றொரு தொடர் வருகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'உயிரிச்சிதைவுறு மருந்து வெளியேற்று உட்பொருத்து' என்று ஆகும். அறுவைக்குப் படுத்திருப்பவர் இதைப் படித்தால் எழுந்து ஓடிவிடுவார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கண்புரை அறுவை முடிந்ததும் வீக்கமும் வலியும் அடங்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் விட வேண்டும். நாளுக்குப் பல தடவை தொடங்கி, மெல்லக் குறைக்க வேண்டும். கை நடுங்கும் வயதில் பாதிச் சொட்டு கன்னத்தில்தான் விழும். இந்த வேலையை மருந்து பொதிந்த சிறு துணுக்கு ஒன்றே செய்துவிட்டால்? அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்ற டெக்ஸ்டென்சா அப்படிப்பட்டது. 3 மி.மீ. நீளம், உள்ளே 0.4 மி.கி. டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு. இமையின் மூக்கோர முனையில் உள்ள கண்ணீர்த் துளை வழியே செருகிவிடுவார்கள். 30 நாள் வரை மருந்து வரும். பிறகு அது இளகி, கண்ணீர் போகும் வழியிலேயே போய்விடும்.

சரி, இம்பிளான்ட். லத்தீனில் 'பிளான்ட்டா' என்றால் நடுவதற்கான முளை, கிளை. 'இன்' சேர்த்தால் உள்ளே நடுதல். நம் தோட்டக்காரர்கள் சொல்லும் 'பதியம்' இதற்கு வெகு அருகில் நிற்கிறது. 'உட்பதியம்' என்று எழுதலாம், அழகான சொல்தான். 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸ் போன்றவற்றுக்கு அது பொருந்தும். வைத்த இடத்திலேயே ஆயுளுக்கும் இருக்க வேண்டியவை அவை. ஆனால் பதியம் போட்டது வேர் பிடிக்க வேண்டும். இங்கே வைத்தது காணாமல் போக வேண்டும். அதனால் 'உள்வைப்பு' போதும் என்பது என் கட்சி. 'லென்ஸ் வைத்தாச்சு' என்று சொல்கிற வாய்க்கு அது அந்நியமாகவும் இருக்காது.

பயோடிகிரேடபிள்தான் சிக்கலானது. 'பயாஸ்' கிரேக்கத்தில் உயிர், வாழ்க்கை. 'கிரேடஸ்' லத்தீனில் படி. படியிறங்கிச் சிதைவது என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் இதற்கு நாமறிந்த சொல் 'மக்கும்', குப்பைத் தொட்டி புண்ணியத்தில். ஆனால் மக்க வைப்பவை நுண்ணுயிர்கள். அறுவை செய்த கண்ணுக்குள் அவை புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. அங்கே நடப்பது வேறு. 2009இல் ஒப்புதல் பெற்ற ஓசுர்டெக்ஸை எடுத்துக்கொள்வோம். இது அறுவைக்குப் பிந்தைய வலிக்கானது அல்ல, விழித்திரை வீக்கத்துக்கு ஊசி வழியே கண்ணின் பின்புறக் கூழுக்குள் செலுத்துவது. 0.7 மி.கி. டெக்ஸாமெதசோனைத் தாங்கியிருப்பது ஒரு பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். அந்தச் சங்கிலிகளைத் தண்ணீரே வெட்டுகிறது. லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் மிஞ்சி, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாக முடிகின்றன.

அறுவைக் கூடத்தில் பல காலமாகப் புழங்கும் கரையும் தையல் நூல்களில் சிலவும் இதே பாலிமர் குடும்பம்தான். அப்படியென்றால் சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: 'கரையும் தையல்', 'கரையும் உள்வைப்பு'. வேதியியல்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். சர்க்கரை கரைந்தாலும் சர்க்கரையாகவே இருக்கும். இது உடைந்து வேறாகிறது, ஆகவே 'சிதையும்' என்பதே துல்லியம் என்பார். நியாயம்தான், ஆய்வுக் கட்டுரையில் அப்படியே எழுதட்டும். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் வேண்டாம். 'உங்கள் கண்ணில் சிதையும்' என்று படித்தால் யாருக்குத்தான் மனம் வரும்? போதாக்குறைக்குச் சிதை என்றால் ஈமத்தீயும் நினைவுக்கு வரும்.

'டிரக் ரிலீசிங்' பகுதிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 'கசியும்' என்றால் ஏதோ பழுதுபோல இருக்கிறது. கண்ணுக்கு நாம் மருந்து 'விடுகிறோம்', இதுவும் மருந்து விடுகிறது. விரித்துச் சொல்லும் இடத்தில் 'மருந்து விட்டுக் கரையும் உள்வைப்பு', தலைப்பில் 'கரையும் மருந்து உள்வைப்பு'.

ஒன்றை மட்டும் பிரித்தே எழுத வேண்டும். டெக்ஸ்டென்சாவுக்கு ஆங்கிலத்திலேயே இம்பிளான்ட் என்று பெயரில்லை, 'இன்சர்ட்'. அது 'செருகல்'. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். சொட்டு மருந்தானால் நிறுத்திவிடலாம். செருகலைத் தேவைப்பட்டால் மருத்துவர் வெளியே எடுத்துவிடலாம். கண்ணின் பின்புறம் போன உள்வைப்பை அவ்வளவு எளிதாக எடுக்க முடியாது.